பழைய மடுவத்தில் பிரேக் மிதித்தவன்

மாலை நாலரை மணி... நடுச்சாமம் இல்லை. பேய் என்றால் பன்னிரண்டு மணி, சுடுகாடு, வெள்ளைச் சேலை என்று காத்திருக்கிறவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள், குளிர் வருகிறது.

நாலரை மணி. பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து மேலே ஏறுகிற தோட்டத்துப் பாதை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஆறரைக்குத்தான். மூட்டம் இறங்கி, பாதையின் இந்தப் பக்கத்துத் தேயிலை மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை... வெறும் வெள்ளை.

இது என் கூட்டாளி அன்டனோடு இப்போது நானுஓயாவில் வேன் ஓட்டுகிற நிரோஷனுக்கு நடந்தது. அன்டன் பொய் சொல்கிறவன்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிரோஷனின் வலது கையை நானே பார்த்திருக்கிறேன். அதில் மூன்று விரல்தான் இருக்கிறது.

அந்தப் பாதையோரத்தில் ஒரு பழைய மடுவம். முன்பு அங்கேதான் கொழுந்து நிறுப்பார்கள். இப்போது தராசு இல்லை. தகரக் கூரையும் மூன்று சுவரும்தான் மிச்சம். அதற்குள் நான்கு சக்கரமும் கழற்றிய ஒரு கார் கட்டைகளின் மேல் நின்றது. பக்கத்தில் நிரோஷன் நின்றுகொண்டு கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். கேட்க ஆள் இல்லாததால் காரையே திட்டினான்.

இருபத்தைந்து வருஷத்துப் பழைய ஜப்பான் கார். வெளியே பார்த்தால் கல்யாண வீட்டுக்குக்கூட வாடகைக்கு எடுக்கமாட்டீர்கள். உள்ளே டர்போ என்ஜின். ஏப்ரல் மாதம் நுவரெலியாப் பக்கம் மலைப்பாதையில் நடக்கிற கார்ப் பந்தயத்தில் ஓடுவதற்காக ஏழு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே பாதி வேலையைப் படித்தவன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து எவனும் அந்தப் பந்தயத்தில் ஓடியதில்லை, முதல் ஆள் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டான். மறுநாள் காலை எட்டு மணிக்குக் காரைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் சரியில்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனுடைய காரின் பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சுக்குள் போவதுபோலப் போனது. குழாய்க்குள் காற்று.

அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவன் சக்கரம் இருந்த இடத்தில் குனிந்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றையும் பிரேக் ஒயிலையும் வெளியே விட்டு, மறுபடி மூடிவிட்டு, 'விடு' என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன்னால் மேலே இருக்கிறவன் காலை எடுத்துவிட்டால் அவ்வளவுதான், காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் தெரியமாட்டான். கீழே இருக்கிறவனுக்கு மேலே இருக்கிறவன் தெரியமாட்டான். சத்தத்தை நம்பித்தான் வேலை.

ஏழு மாதமும் மேலே உட்கார்ந்தவன் மதுரன். நிரோஷனின் சித்தப்பா மகன். ஒரு வயது இளையவன், அதே லயத்தில் இரண்டு காம்பிரா, அதாவது இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு கேட்காது என்பதால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மிதித்துப் பிடித்ததும் மதுரன் இடது காலால் காரின் தரையில் ஒரு தட்டுத் தட்டுவான். டக். அப்படியென்றால், பிடித்துவிட்டேன், நீ திற.

பிரேக், கிளச் மிதிகட்டை இரண்டும் பழைய சாமான் யார்டில் வாங்கியது. எங்கேயோ பள்ளத்தில் உருண்ட ஒரு காரிலிருந்து கழற்றியது. கிளச் கட்டையின் ரப்பர் புதிது மாதிரி இருந்தது. பிரேக் கட்டையின் ரப்பர் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பூட்டுகிற அன்று மதுரன் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"இத வச்சிருந்தவன் மிதிச்சுக்கிட்டேதான் போய்ச் சேந்திருக்கணும் அண்ணே."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா," என்றான் நிரோஷன். அப்போது இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

கெட்டுப்போனது மூன்று வாரத்துக்கு முன்னால். காரை முதன்முதலாகக் கடைவீதி வரைக்கும் ஓட்டிப் பார்த்தது மதுரன். பாதி வழியில் என்ஜினுக்கு அடியில் இருக்கிற ஒயில் நட் கழன்று, ஒயில் முழுக்கப் பாதையில் கொட்டி, கடைவீதிக்குப் போய்ச் சேரும்போது டர்போ கருகிப் போனது. நிரோஷன் ஓடிவந்தான். பேக்கரிக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, மதுரனின் கன்னத்தில் அறைந்தான்.

"நட்ட ஒழுங்கா இறுக்கத் தெரியாத நாயி. இனி உன் பேரு என் வாயில வந்துச்சுன்னா என் நாக்கு அழுகிப் போகட்டும்."

மதுரன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "சரி அண்ணே. நீங்களா பேரச் சொல்லிக் கூப்புடுற வரைக்கும் அந்த மடுவத்துப் பக்கம் நான் வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு மேலே நடந்துபோய்விட்டான்.

அன்றைக்கு இரவே நிரோஷனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த நட்டை இறுக்கியது மதுரன் இல்லை, தான்தான். விரலால் திருகிவிட்டு ஸ்பேனரை எடுக்கும்போது போன் அடித்தது. பேசி முடித்ததும் மறந்துவிட்டான். தெரிந்தும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு திரிந்தான். வேறு டர்போ தேடிப் பூட்டினான், பெயிண்ட் அடித்தான், எல்லாம் ஒற்றை ஆளாக. வழியில் மதுரனைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கம் வந்தால் சில பேருக்குக் கோபம்தான் வரும். நிரோஷன் அந்த ரகம்.

காற்று எடுக்கிற வேலைக்கு மட்டும் ஒற்றை ஆள் போதாது. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் போத்தலும் டியூபும் வைத்துத் தனியாகச் செய்தான். நிரோஷனும் அதே மாதிரி செய்து பார்த்தான். மூன்று முறை செய்தும் பிரேக் கட்டை பஞ்சுதான். மூட்டம் மடுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நூறு மீட்டர் மேலே லயம் இருக்கிறது. அங்கே மதுரன் வேலை முடிந்து வந்திருப்பான். ஒரு சத்தம், ஒரு பேர், அவ்வளவுதான் வேண்டும்.

இங்கே நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்தில் மூட்டத்துக்குள் ஆளைக் கூப்பிட்டால் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த மடுவத்தில் கொழுந்து எடைபோட்ட காலத்தில் கணக்கப்பிள்ளை 'அடுத்த ஆள்' என்று சொல்லவேமாட்டார். இருநூறு பேர் வரிசையில் நின்றால் இருநூறு பேருடைய பேரையும் சொல்லுவார். வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் மட்டும் ஒரு நாள் 'அடுத்த ஆள் வா' என்றாராம். கூடையோடு ஒன்று வந்து நின்றதாம்... அதற்கு மேல் அந்தக் கதையை அங்கே யாரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மூட்டத்தில் யார் என்று சொல்லாமல் கூப்பிட்டால் யார் வருவது என்று நாம் முடிவு செய்யமுடியாது.

நிரோஷனுக்கும் தெரியும். தெரிந்துதான் மடுவத்து வாசலில் நின்று மூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

"யாராச்சும் இருக்கீங்களா? ஒரு ஆள் வந்து பிரேக்க மிதிங்க."

தேயிலைக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம். அவ்வளவுதான். காறித் துப்பிவிட்டு உள்ளே வந்தான். இடது பின்சக்கரத்துப் பக்கம் போய் உட்கார்ந்தான். அதுதான் பிரேக் பம்புக்குத் தூரமான சக்கரம், அங்கேதான் தொடங்கவேண்டும். ஸ்பேனரை நிப்பிளில் மாட்டினான். என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

சீட்டின் ஸ்பிரிங் கிரீச் என்றது.

கதவு திறந்த சத்தம் இல்லை... நடந்து வந்த சத்தமும் இல்லை. யாரோ உட்கார்கிற சத்தம் மட்டும். பிறகு பிரேக் கட்டை உள்ளே போகிற அந்த 'ஸ்ஸ்'. பிறகு...

டக்.

நிரோஷனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அந்தத் தட்டு உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். வந்துவிட்டான். பேர் சொல்லாமலே வந்துவிட்டான். பேசமாட்டான், ரோசக்காரன். சரி, நானும் பேசவில்லை. பெயிண்ட் அடிப்பதற்காகக் கண்ணாடி முழுக்க நிரோஷனே பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தான், உள்ளே பார்க்கமுடியாது. எழுந்து எட்டிப் பார்க்கவும் கௌரவம் விடவில்லை.

நிப்பிளைத் திறந்தான். டியூப் வழியாகக் குமிழி குமிழியாக ஒயில் வந்தது. மூடினான். "விடு." கட்டை மேலே வந்தது. "மிதி." டக். பின்னால் சுவரில் பிரேக் லைட்டின் சிவப்பு விழுந்தது. "விடு." சிவப்பு அணைந்தது. வேலை இவ்வளவு ஒழுங்காக ஒருநாளும் நடந்ததில்லை. மதுரன் என்றால் நடுவில் போனை எடுத்துப் பார்ப்பான், பாட்டு முணுமுணுப்பான். இன்று ஒரு இம்மிகூடப் பிசகில்லை. கோபத்தில் இருக்கிறவன் நன்றாக வேலை செய்வான் போல என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது, வலது பின்சக்கரம். அங்கே ஒரு வாசனை வந்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வந்த லொறியிலிருந்து வருமே... அந்தக் கருகல். ஏழு மாதமாக ஒரே ஒரு தடவைதான் அந்தக் கார் ஓடியிருக்கிறது. நான்கு பிரேக் தட்டும் ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தன. நிரோஷன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாவது, இடது முன்சக்கரம். நடுவில் எழுந்துபோய் ஒயில் ஊற்றினான். பொனெட் தூக்கியிருந்தது, அதற்குப் பின்னால் இருக்கிறவனைப் பார்க்கமுடியவில்லை. பார்க்கவும் இல்லை. மிதி, டக். விடு. மிதி, டக். விடு. மடுவத்துக்குள் அவனுடைய மூச்சு மட்டும் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி, வலது முன்சக்கரம். டிரைவர் கதவுக்குப் பக்கத்திலேயே. அங்கே மட்டும் முட்டுக்கொடுக்க மரக்கட்டை இல்லை, நாலாவது மரக்கட்டை பிளந்துபோய், காரைத் தூக்குகிற ஜக்கை மட்டும் வைத்திருந்தான். அப்படிச் செய்யக்கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொல்லுவார்கள். அவசரம். குனிந்து கையை உள்ளே விட்டான். கதவு ஒரு முழம் தூரத்தில். உள்ளே இருக்கிறவன் தும்மினால்கூடக் கேட்கும்.

"மிதி."

டக்.

நிப்பிளைத் திறந்தான். சுத்தமான ஒயில், ஒரு குமிழிகூட இல்லை. மூடினான். வேலை முடிந்தது. நாளைக்குச் சோதனையில் எவனும் இந்தக் காரைத் திருப்பி அனுப்பமுடியாது. அந்த ஒரு நிமிஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது. கதவைப் பார்க்காமல், ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த நட்ட இறுக்காதது நான்தான்டா. அன்னைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அடிச்சது தப்பு... மன்னிச்சிரு." பிறகு, அழுகிப் போகட்டும் என்று சபித்த அதே நாக்கால், மடுவம் அதிரச் சத்தமாகச் சொன்னான். "மதுரன், போதும். விடு."

விடவில்லை.

கட்டை அப்படியே இருந்தது. டியூபில் ஒயில் சொட்டுச் சொட்டாக நின்றுபோனது. பிறகு... மேலே, லயத்துப் பக்கமிருந்து, மூட்டத்துக்குள் தூரமாக ஒரு குரல் வந்தது.

"அண்ணே... கூப்பிட்டீங்களா? இந்தா வர்றேன்."

மதுரனின் குரல்.

நிரோஷனின் கை நிப்பிளிலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை. எதிரே காரின் மூக்குப் பக்கம் பொனெட்டுக்குக் கீழே கண் போனது. பேட்டரி இருக்கவேண்டிய தட்டு காலி. பேட்டரியைக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் சார்ஜில் போட்டிருந்தான். அப்படியானால் சுவரில் இவ்வளவு நேரம் விழுந்த சிவப்பு...

கருகல் வாசனை இப்போது முகத்துக்கு நேரே வந்தது. கதவு திறக்கவில்லை. பத்திரிகைத் தாள் ஒட்டிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ மெல்ல அவன் பக்கமாகச் சாய்ந்தது. அது சாய்ந்த இடத்தில் தாள் நனைந்து கருத்தது. சீட்டு கிரீச் என்றது. உட்கார்ந்திருந்த பாரம் ஒரேயடியாக எழுந்தது.

ஜக் சாய்ந்தது.

மதுரன் ஓடிவந்து பார்த்தபோது கார் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. நிரோஷனின் வலது கை பிரேக் தட்டுக்குக் கீழே. தராசு தொங்கவிடுகிற பழைய இரும்புக் கம்பியை நெம்புகோலாகப் போட்டுத் தூக்கி, அவனை இழுத்து எடுத்தான். தோளில் போட்டுக்கொண்டு பாதைக்கு இறங்கினான். வழி முழுக்க நிரோஷன் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

"உள்ள யாருடா இருந்தா?"

"யாருமே இல்லண்ணே. தாளக் கிழிச்சுப் பாத்தேன், கதவு உள்பக்கமா லொக் போட்டிருந்துச்சு."

இரண்டு விரல் போனது. சோதனை, பந்தயம், எல்லாம் போனது. ஆஸ்பத்திரியில் மதுரன்தான் கூட இருந்தான். கஞ்சி ஊட்டினான், சட்டை மாற்றிவிட்டான். "பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க, அதான் வந்துட்டேன்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குக் கேட்டது பேர் மட்டும்தான். அதற்கு முன்னால் நிரோஷன் சொன்னது எதுவும் லயம் வரைக்கும் எட்டவில்லை. நட்டைச் சரியாக இறுக்காதவன் தான் என்றே அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான்.

இன்னொரு தடவை சொல்லவேண்டும் என்று நிரோஷனுக்குத் தவிப்பாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் நாலு பேர் நடுவில் வாய் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தான்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். அன்றைக்கும் மூட்டம். நிரோஷன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மதுரன் முன்பக்கத்துப் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தான். வந்து உட்காரட்டும், சொல்லிவிடுகிறேன் என்று மனதுக்குள் வார்த்தையைக் கோர்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் அம்மா மீனம்மா டீ ஊற்றினாள். பின்கதவைத் திறந்து வைத்து, அவன் அந்தப் பக்கம் இருக்கிறான் என்று நினைத்து வெளியே பார்த்துக் கூப்பிட்டாள்.

"மதுரன்... டீ ஆறுது, வாப்பா."

முன்பக்கமிருந்து பதில் வந்தது. "இந்தா வர்றேன் பெரியம்மா."

கீழே, மடுவத்துப் பக்கமிருந்தும் வந்தது.

டக்.

நிரோஷனுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்குச் சீட்டில் இருந்ததற்குப் பேர் இல்லை. யாராவது வா என்றதற்கு வந்தது. அதைப் பார்த்து மதுரன் என்று கூப்பிட்டு, அந்தப் பேரைக் கொடுத்தது அவன்தான். மன்னிப்பையும் அதற்கே கொடுத்துவிட்டான்.

"அம்மா, பின்கதவச் சாத்துங்க," என்றான். குரல் எழும்பவில்லை.

மீனம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். பின்னால் காலடி கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே கப்பை நீட்டினாள். "இந்தாப்பா, சூடா குடி." கப்பை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அதே நேரம் முன்வாசலில், ஈரக் காலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு மதுரன் உள்ளே வந்தான். "எனக்கு டீ எங்க பெரியம்மா?" என்றான்.

மீனம்மாவின் கை வெறுமையாக இருந்தது. கப் நிரோஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது, ஒரு சொட்டும் குறையவில்லை. பின்கதவுப் படியிலிருந்து அந்தக் கட்டில் வரைக்கும் சிமெந்துத் தரையில் ஈரத் தடம். எல்லாம் வலது கால். எல்லாம் முன்பாதம் மட்டும், விரல்கள் அழுந்த... எதையோ விடாமல் மிதித்துக்கொண்டு வந்தமாதிரி.

தடம் கட்டிலுக்கு அடியில் போய் முடிந்தது.